கலர் மிச்சமும் பனியன் துணியும்

கேள்வி: மகளின் மேஜை முழுக்க வறண்ட வாட்டர் கலர், உடைந்த கிரேயான், கிறுக்கிய காகிதம், பாதி ஃபேப்ரிக் பெயின்ட். குப்பையில் போட மனமில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கட்டிங் வேஸ்ட்டையே எடை போட்டு விற்கிற ஊர்க்காரருக்கு மனம் வருமா! வாட்டர் கலர் இரண்டு சொட்டுத் தண்ணீரில் உயிர்த்துவிடும். கிரேயானைக் கொதிநீர்மேல் கிண்ணம் வைத்து உருக்கி அச்சில் ஊற்றலாம். அடுப்படி வேலை உங்களுடையது, அச்சு மகள் தேர்வு.

காகிதத்துக்குத்தான் உங்கள் ஊரில் யோகம். பிரிண்டிங் பட்டறையில் ஒதுக்கிய ஸ்கிரீன் ஃபிரேம் ஒன்று கேளுங்கள். எமல்ஷன் நீக்கிய, வலை கிழியாத ஃபிரேமாக இருக்கட்டும். ஊறிய காகிதத்தை மிக்ஸியில் கூழாக்கி, அகலத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, ஃபிரேமால் அள்ளி, நீர் வடிந்ததும் பனியன் துணிமேல் கவிழ்த்து உலர்த்துங்கள். கையால் செய்த வாழ்த்து அட்டை தயார். கூழில் கொஞ்சம் வண்ண நூல் தூவினால் கடையில் கிடைக்காத அழகு.

பெயின்ட்டைச் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. மிச்சத்தைப் பழைய பனியன்மேல் மகள் இஷ்டத்துக்குத் தீட்டித் தீர்க்கட்டும். காய்ந்தபின் அகலவாட்டில் நாடாவாகக் கத்தரித்து இழுங்கள். ஓரம் தானே சுருண்டு கயிறாகும். பெயின்ட் தடித்த இடம் சுருளாது, அதை விட்டுவிடுங்கள். மூன்று கயிறு பின்னி வட்டமாகத் தைத்தால் வாசலுக்கு மிதியடி.