எலும்புக்குள் பீங்கான்

கேள்வி: உடம்புக்குள் பீங்கான் வைக்கிறார்களாமே! விருத்தாசலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டை கைதவறி விழுந்தாலே ரெண்டாகிறது. இடுப்பில் வைத்தால் தாங்குமா?
– ஒரு வாசகி, பெண்ணாடம்

பதில்: நன்றாகவே தாங்குகிறது, அம்மா. கட்டைக்குக் களிமண், இடுப்புக்குச் சுத்தமான அலுமினாப் பொடி, சூளைச் சூடும் அதிகம். 1970-ல் பிரான்ஸின் பியர் பூத்தான் இடுப்பு மூட்டில் அந்த அலுமினாப் பீங்கானைப் பொருத்தினார். தொடக்க காலத்தில் சில உடைந்தன, உண்மைதான். அதனால் இப்போது அலுமினாவோடு சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கானையும் சேர்க்கிறார்கள். விரிசல் ஓடிவந்தால் பக்கத்திலிருக்கும் சிர்கோனியாத் துகள்கள் உருமாறி உப்பி, அதை நெருக்கி நிறுத்திவிடும். பகை வரும்போது மட்டும் தோள் புடைக்கும் காவல்காரர்கள்!

எனக்கு இதைவிடப் பிடித்தது எலும்புக் குழியை நிரப்பும் பீங்கான். நம் எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டையே கூழாகக் கரைத்து, அதில் ஸ்பாஞ்சை முக்கிச் சுடுகிறார்கள். ஸ்பாஞ்சு எரிந்து போகும், துளைகள் நிற்கும். அந்தத் துளைகளுக்குள் ரத்தக் குழாயும் புது எலும்பும் நுழைந்து வளர்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் இத்தகைய பீங்கான்களில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் அச்சு இருக்கிறதே, அந்த பிளாஸ்டரையே 1892-ல் ஜெர்மன் மருத்துவர் டிரீஸ்மன் எலும்புக் குழியில் அடைத்துப் பார்த்தார். பீங்கான் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படும், பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் விருத்தாசலம் அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியில் விசாரியுங்கள்.