கொள்முதல் குழுவாருக்கு ஒரு பெண் தொழிலதிபரின் கணவன் எழுதும் நன்றிக் கடிதம்

மகா கனம் பொருந்திய சர்க்கார் கொள்முதல் குழுவார் சமூகத்துக்கு,

மாதர் நடத்தும் தொழில்களுக்குச் சர்க்கார் ஒப்பந்தங்களில் ஒரு பங்கு கிடைத்தே ஆகவேண்டும் என்று தாங்கள் கொண்ட பெருங்கருணையினால், சென்ற சில வருஷங்களில் அபாரமான அபிவிருத்தியை அடைந்துவிட்ட ஓர் ஆண்பிள்ளை எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். நன்றியறிதலைத் தெரிவிப்பதே இதன் முதல் நோக்கம். உபகாரம் பெற்றவன் வாய் மூடியிருப்பது அழகல்ல என்று என் தகப்பனார் சொல்லுவார். கடைசியில் ஒரு சிறு கோரிக்கையும் உண்டு. அதைப் பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தை அனுசரித்து 2012-இல் மத்திய சர்க்கார் ஒரு கொள்முதல் கொள்கையைப் பிறப்பித்ததும், மந்திரி இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷந்தோறும் வாங்குகிற சரக்கிலும் சேவையிலும் ஒரு பாகத்தைக் குறுந்தொழில், சிறுதொழில்காரர்களிடமே வாங்கவேண்டும் என்று அதில் விதித்ததும், 2018 நவம்பரில் அந்தப் பாகத்தை 20 சதவிகிதத்திலிருந்து 25 ஆக உயர்த்தி, அதற்குள்ளே 3 சதவிகிதத்தைப் பெண்களுக்குச் சொந்தமான தொழில்களுக்கென்று தனியே ஒதுக்கியதும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டிய சங்கதிகள் அல்ல. தேசத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நூற்றில் மூன்று என்று பங்கு பிரித்த மகானுபாவர் யாரோ, அவர் நீடூழி வாழ்க. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும் வரையில், சீருடைகளும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் தைத்துக் கொடுக்கும் என் தொழில் ஆணாகவே இருந்தது. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் அதைப் பெண்ணாக்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

இந்த ரூபமாற்றத்துக்கு நான் பட்ட சிரமம் மிக அற்பம். கூட்டு ஸ்தாபனமாயிருந்தால் 51 சதவிகிதப் பங்கு பெண்கள் வசம் இருக்கவேண்டும். தனி உரிமையாளர் ஸ்தாபனமாயிருந்தால் அந்த உரிமையாளர் பெண்ணாயிருந்தால் போதும். 2020 ஜூலையில் உத்யம் பதிவு வந்த பிறகோ, காகிதம் எதையும் ஏற்றவேண்டிய அவசியமின்றி, கட்டணமுமின்றி, நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பிச் சான்றிதழ் தந்துவிடும் உத்தமமான ஏற்பாடு அமைந்துவிட்டது. என் மனைவியின் ஆதார் எண்ணை இட்டேன், ஓ.டி.பி. வந்தது, அவளுடைய ஆதாரோடு இணைந்திருந்தது என் கைப்பேசி எண்ணாகையால் அது என்னிடமே வந்தது. பக்கத்து அறையில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், தான் ஒரு பெண் தொழிலதிபர் ஆகிவிட்டதை இரவுச் சாப்பாட்டின்போதுதான் அறிந்தாள். ஜி.எஸ்.டி. பதிவில் அவள் உரிமையாளர், நான் அதிகாரம் பெற்ற கையொப்பதாரர். வங்கிக் காசோலையில் கையெழுத்துப் போடவேண்டியவள் அவளே ஆகையால், ஒரு புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் கையெழுத்திடச் செய்து பீரோவில் வைத்துக்கொண்டேன்.

இந்த வித்தையை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமை பேச மாட்டேன். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில், தலைவர் நாற்காலியில் தலைவியின் கணவர் அமர்ந்து, ‘பிரசிடெண்ட் வருகிறார்’ என்று ஊரார் எழுந்து நிற்பதைக் காலகாலமாகப் பார்த்துவருகிறோமே! அந்த மகாபுருஷர்கள் அரசியலில் வெட்டிய வாய்க்காலிலேயே வாணிபத்திலும் தண்ணீர் பாய்ந்தது, அவ்வளவுதான்.

ஆயினும் பெயர்ப்பலகை பெண்ணாகிவிட்டால் மட்டும் ஒப்பந்தம் கைக்கு வந்துவிடாது. உண்மையான பெண்களும் போட்டிக்கு வந்துவிட்டால் என் போன்றவர்களின் கதி என்னவாகும்? அந்த அபாயத்திலிருந்து எங்களைத் தாங்கள் ரட்சித்துவரும் நேர்த்தியைத்தான் நான் விஸ்தாரமாகப் புகழ விரும்புகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இருக்கிறாள். புருஷனை இழந்தவள், வங்கிக் கடன் வாங்கிப் பத்துத் தையல் மெஷின்களும் ஓர் ஓவர்லாக் மெஷினும் போட்டு, சுற்றுவட்டாரத்துப் பெண்களை வைத்து வேலை நடத்துகிறாள். உள்ளதைச் சொன்னால், நான் சர்க்காருக்குக் கொடுக்கும் சீருடைகளில் பெரும்பகுதி அவள் கூடத்தில்தான் தைக்கப்படுகிறது. துணியை வெட்டி மூட்டை கட்டி அனுப்புவேன். அவர்கள் தைத்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுத்துவிடுவேன். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது, உற்பத்தி செய்பவருக்கே உண்டு என்பது சட்டமாகையால், என் கிடங்கிலும் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கண்ணுக்குப் படும்படியாக இரண்டு மெஷின்களைத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். ஆகவே, தாங்கள் என்னிடம் வாங்கும் சரக்கு முழுக்க முழுக்கப் பெண்களின் உழைப்பே என்பதில் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். பெண்ணின் பேர், பெண்ணின் கை, இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே பெண்ணுடையவையாக இருக்கவேண்டும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

இந்த அம்மாளுக்கு ஒரு சமயம் விபரீதமான ஆசை ஒன்று பிறந்தது. தானே ஒப்பந்தப்புள்ளி போட்டால் என்ன என்று! படித்த பெண்ணொருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஜெம் என்னும் சர்க்கார் மின்சந்தையில் பதிந்துகொண்டாள். அங்கே பெண்களுக்கென்று 2019-இல் ‘வுமனியா’ என்று ஒரு திட்டத்தையும் திறந்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்டவேண்டியதில்லை என்பதையெல்லாம் படித்து அவள் பூரித்துப்போனாளாம். எனக்கு இரண்டு நாள் உறக்கம் இல்லை. ஆனால் தங்கள் சாமர்த்தியத்தை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். மூன்று வருஷம் இதே சரக்கைச் சர்க்காருக்கே சப்ளை செய்த அனுபவம் வேண்டும், வருஷாந்தர டர்ன்ஓவர் இவ்வளவு வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் கோட்டைச் சுவர்போல் நின்றன. தரம் சரியாயிருந்தால் சிறு தொழில்களுக்கு இவற்றைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று 2016-இலேயே சுற்றறிக்கை உண்டு. தளர்த்தியிருக்கிறோமா என்பதைச் சொல்வதற்கென்றே ஏலப் படிவத்தில் ஒரு கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று குறிப்பதற்குக் காரணம் காட்டும்படி எவரும் தங்களைக் கேட்பதில்லை என்றும் அறிகிறேன். சர்க்காருக்கு சப்ளை செய்தவளே சர்க்காருக்கு சப்ளை செய்யலாம் என்னும் இந்தத் தர்க்கத்தின் வழுவழுப்பை வியந்து நான் மாளவில்லை.

அதையும் தாண்டி வருகிறவளுக்காகத் தாங்கள் வைத்திருக்கும் இன்னொரு உபாயம் மூட்டை கட்டுதல். ஒரு மருத்துவமனைக்கு வேண்டிய விரிப்புகளை மட்டும் தனியே கேட்டால் பத்து மெஷின்காரியும் கொடுத்துவிடுவாள்; பல கிளைகளுக்கு வேண்டிய விரிப்பு, உறை, திரைச்சீலை, சீருடை, ஏப்ரன் எல்லாவற்றையும் ஒரே டெண்டராகத் திரட்டிவிட்டால், கிடங்கும் லாரியும் உள்ளவனைத் தவிர வேறெவரும் தலைகாட்ட முடியாது. பத்து டெண்டருக்குப் பதில் ஒரு டெண்டர் என்பதால் தங்கள் காரியாலயத்துக்கும் சிரமம் குறைவு. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்லத் தயார்; சௌகரியம் ஒன்றே நோக்கம், மற்றவை தாமே நிகழ்கின்றன.

சிறு தொழில்காரரின் விலை, மிகக் குறைந்த விலை சொல்லி எல்-1 என்று முதலிடத்தில் நிற்கும் பெரிய கம்பெனியின் விலைக்கு மேலே 15 சதவிகிதத்துக்குள் இருந்தால், அந்த எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையையும் நான் தாராளமாக அனுபவித்துவருகிறேன். இறங்குவது எப்படி என்று கேட்பீர்கள். என் லாபத்திலிருந்து இறங்குவது உசிதமல்ல; ஆகையால் பீஸ் ரேட்டிலிருந்து இறங்குகிறேன்.

பணம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தொகையைக் கொடுத்துவிட வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வீதத்தில் மாதந்தோறும் கூட்டுவட்டி கட்டவேண்டும் என்று அந்த 2006-ஆம் வருஷத்துச் சட்டம் கர்ஜிக்கிறது. எவ்வளவு கம்பீரமான சட்டம்! புகார் செய்வதற்கு 2017-இல் ‘சமாதான்’ என்ற இணையதளமும் வந்துவிட்டது. விசாரித்துத் தீர்க்க வசதியாக்கக் கவுன்சில்களும் இருக்கின்றன. ஆனால் சரக்கு ஏற்புச் சான்று என்று ஒன்று உண்டல்லவா? அதில் கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருப்பார். வந்தபின் மார்ச்சுக் கணக்கு முடிக்கும் வேலையில் இருப்பார். அது முடிந்தபின் மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்த வருஷமும் ஆர்டர் வேண்டுமென்று நினைக்கிற எவளாவது வாங்குகிறவர்மீதே வட்டிக்கு வழக்குப் போடுவாளா? நான் ஆறு மாதம் காத்திருப்பேன். எனக்கு வீட்டு வாடகை வருகிறது. தெருக்கோடி அம்மாளோ சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பெண்களுக்குக் கூலி எண்ணிக் கொடுக்கவேண்டியவள். ஆகவே, தாமதம் செய்யும் உத்தியோகஸ்தர்களை மற்றவர்கள் நிந்திக்கட்டும். அவர்களே என் தொழிலுக்குப் பெரிய மூலதனம் என்பதை நான் மறக்கமாட்டேன். ஒப்பந்தம் கிடைத்தபின் கட்டவேண்டிய செயல் உத்தரவாதத் தொகைக்கு முன்வைப்புத் தொகையைப்போல் விலக்கு அளிக்காமல் விட்டதும் அந்த வகையில் மிகுந்த தீர்க்கதரிசனம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை யாராவது கெடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லாமல் இல்லை. அமெரிக்க தேசத்தின் நடவடிக்கைகள் எனக்கு முதலில் மிகுந்த நம்பிக்கையூட்டின. பெண்களின் தொழில்களுக்கு 5 சதவிகித ஒப்பந்தம் என்று 1994-இல் லட்சியம் வகுத்து, அதற்குத் துணையாகச் சில டெண்டர்களை அவர்களுக்கே ஒதுக்க 2000-இல் சட்டமியற்றி, அந்தச் சட்டத்துக்கு விதி எழுதி நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குள் 2011 ஆகிவிட்டது. லட்சியத்தை முதன்முதலாக எட்டியது 2015-ஆம் நிதியாண்டில். நிதானத்தில் நம்மவர்களுக்கு அண்ணன்மார் என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் அவர்கள் பிறகு புத்தி கெட்டு, தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளும் முறையை 2020-இல் ஒழித்துவிட்டார்கள். அங்கே 51 சதவிகித உரிமை போதாதாம். அன்றாட நிர்வாகமும் நீண்டகாலத் தீர்மானங்களும் அந்தப் பெண் கையிலேயே இருக்கின்றன என்று காட்டவேண்டுமாம். இத்தகைய மிலேச்ச வழக்கங்கள் நம் தேசத்துக்குள் நுழையாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே ஒரு கெட்ட முன்மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான விலையில்லாச் சீருடைகளை, துணியைச் சர்க்காரே கொடுத்து, மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களைக்கொண்டே தைத்து வாங்குகிறார்கள். டர்ன்ஓவரும் கேட்பதில்லை, முன்னனுபவமும் கேட்பதில்லை, தைக்கத் தெரியுமா என்று மட்டும் பார்த்துவிட்டு, தைக்கிறவளிடமே வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்தச் சங்கங்களிலும் கூலி குறைவு, தாமதம் என்ற முறையீடுகள் எழாமல் இல்லை என்பது ஒன்றே எனக்கு ஆறுதல். இருந்தாலும், இடையில் என்னைப்போல் ஒருவன் நிற்பதற்கே இடமில்லாத ஏற்பாட்டை நாகரிகமுள்ள ஓர் அரசாங்கம் எப்படிச் சகித்துக்கொள்கிறது?

இனி, நான் முதலில் பிரஸ்தாபித்த கோரிக்கை.

சென்ற மாதம் வருமானவரி இலாகாவிலிருந்து ‘உரிமையாளர் அவர்களுக்கு’ என்று விலாசமிட்ட கடிதம் ஒன்று வந்தது. நான் வெளியூர் போயிருந்தேன். என் மனைவி அதைப் பிரித்துப் படித்து, தன் பேரில் இருக்கும் வரவு செலவின் அளவைக் கண்டு பிரமித்து, பீரோவைத் திறந்து, கையெழுத்திட்ட காசோலைப் புத்தகத்தைக் கைப்பற்றிவிட்டாள். நான் திரும்பி வருவதற்குள் ஆதார் மையத்துக்குப் போய்க் கைப்பேசி எண்ணையும் தன்னுடையதாக மாற்றிக்கொண்டாள். இப்போது தெருக்கோடி அம்மாள் தினந்தோறும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, இருவருமாக உட்கார்ந்து, பழைய பில்களையும் பீஸ் ரேட் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்கிறார்கள். எங்கள் ஸ்தாபனத்துக்கு வேண்டிய மூன்று வருஷ அனுபவமும் டர்ன்ஓவரும் சேர்ந்துவிட்டன, அந்த அம்மாளிடம் மெஷின்கள் இருக்கின்றன, ஓ.டி.பி. என் மனைவிக்கு வருகிறது. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தங்களைப் போன்ற நிர்வாக நிபுணர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, ஏற்புச் சான்றைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்மீது சமாதானில் மனுப்போடுவது எப்படி என்று கேட்டார்கள்.

ஆகையால், பெண்ணுக்குச் சொந்தமான தொழிலில் அந்தப் பெண் நேரடியாகத் தலையிடுவதானால் அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பும் கணவனின் எழுத்துபூர்வமான ஆட்சேபணையின்மைச் சான்றும் அவசியம் என்று ஒரு சிறு திருத்தத்தை, பின்தேதியிட்டு, வழக்கத்துக்கு மாறான துரிதத்தோடு பிறப்பிக்கவேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
உரிமையாளருக்காக,
அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்
(நேற்று மாலை வரை)