பேராண்டிக்குப் பேனா ஓடலையாம்

ஏலே பேராண்டி, இப்படி வந்து திண்ணையில உக்காரு. கொஞ்ச நாளாவே மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு அலையுதியேன்னு உங்காத்தாகிட்டக் கேட்டேன். பேனா ஓடலையாம். நானும் மைதான் தீந்துபோச்சாக்கும்னு நெனச்சேன்.

விசாரிச்சா, விசயம் பெருசால்ல இருக்கு! புதுமைப்பித்தன் மாதிரி வரல, தி. ஜானகிராமன் நடை வரல, நமக்கெல்லாம் எழுத்து எதுக்குன்னு சொன்னியாமே. ஒரு கதையை முழுசா முடிச்ச பாடில்ல, அதுக்குள்ள புதுமைப்பித்தன் பக்கத்துல போய் நின்னு உயரம் அளக்குதியே, உனக்கால தன்னம்பிக்கை இல்ல? ஊருக்கே பங்கு வைக்கலாம் போ.

பத்தாததுக்கு, கூட எழுத வந்த சிநேகிதன் புஸ்தகம் போட்டுட்டானாம், பொன்னாடை போத்துனாங்களாம். அந்தப் பொன்னாடையை நானும் பாத்துருக்கேன். துவட்டவும் ஆகாது, குளிருக்கும் ஆகாது.

கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல் தெரியும்ல? 1923-ல அந்த ஊர்ல பொறந்தவங்க கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அப்படியொரு சிநேகிதம். அழகிரிசாமி இருபது வயசுலயே கதை எழுத வந்துட்டாரு. பெறகு சென்னை, மலேயான்னு பத்திரிகை வேலை. கி.ரா. ஊரோட கெடந்தாரு. வெவசாயம், சங்கீதப் பித்து, கட்சின்னு காலம் ஓடுச்சு. 'மாயமான்' கதை 'சரஸ்வதி'யில வந்து நாலு பேரு திரும்பிப் பாத்தது 1958-ல. அப்ப அவருக்கு வயசு 35. அந்த வயசுல நீ பென்சன் கேப்பே போலருக்கு. சிநேகிதன் பேரு ஊரெல்லாம் வெளங்குதேன்னு அவரு போத்திக்கிட்டுப் படுத்திருந்தா, 'கோபல்ல கிராமம்' யாரு எழுதியிருப்பா, உங்க தாத்தனா? அழகிரிசாமிக்கு சாகித்திய அகாதமி 1970-க்கு, அதுவும் ஆளு கண்ணை மூடின வருசம். கி.ரா.வுக்கு 1991-ல. ரெண்டு பேத்தயும் தராசுல போட்டு இன்னைக்கு எவன் நிறுக்கான்?

நம்ம பருத்திப் புஞ்சையில ஊடுபயிரா உளுந்து போடுதோம்ல. உளுந்து ரெண்டரை மாசத்துல வீடு வந்துரும், பருத்தி அதுக்கப்புறமும் புஞ்சையிலதான் நிக்கும். உளுந்தைப் பாத்துக் கண்ணு கலங்குன பருத்திய நீ எங்கயாச்சும் பாத்துருக்கியா?

நெறைய எழுதணுமேன்னு வேற ஒரு மலைப்பாம். ஜெயமோகன் 'வெண்முரசு'ன்னு 26 நாவல் எழுதிட்டாருன்னு பயப்படுத. மௌனி மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைதான்லே. அதுக்கே இன்னும் ஆளாளுக்குப் பொருள் சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க.

சந்தேகம் வரட்டும், வேண்டாங்கல. சந்தேகமே இல்லாம எழுதுதவன் ஒருத்தனை எனக்குத் தெரியும், கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப்பா எழுதுதவன். ஆனா எழுதி முடிச்சிட்டு, அடிச்சுத் திருத்தையில சந்தேகப்படு. வெறுங்காயிதத்துல என்னத்தச் சந்தேகப்படுவே?

நோட்டை எடு. உங்க பூட்டி மாட்டுத் தரகனை ஏச்ச கதையை, அவ சொன்ன வாக்குலயே எழுதிக் கொண்டா. எனக்குக் கண்ணு தெரியாது, நீதான் வாசிக்கணும். நல்லாருக்குன்னு சொல்லுவேன்னு காத்துக்கிடக்காதே. எந்த வரியில எனக்குக் கண்ணு சொக்குதோ, அங்க ஒரு கோடு போட்டு வச்சிக்கோ, அதை வெட்டணும். கொறட்டை கேட்டுச்சுன்னா மொத்தத்தையும் இன்னொருக்கா எழுதணும். அன்னைக்குக் காப்பி குடிச்சிட்டுத்தான் உக்காருவேன், பெறகு கெழவன் வேணும்னே தூங்குனான்னு சொல்லப்பிடாது.