மாமா, இது எந்தக் குளவி?

கே: ஒட்டுண்ணிக் குளவி கொட்டுமா மாமா? தோட்டத்துப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

ப: டிரைக்கோகிராமா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். கொட்டுவது இருக்கட்டும், அது உங்கள் மேல் உட்கார்ந்ததே உங்களுக்குத் தெரியாது, அம்மணி. அதன் குறியெல்லாம் அந்துப்பூச்சியின் முட்டை. பயப்பட வேண்டியது அந்துப்பூச்சி.

கே: கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிராமா அட்டை கட்டுகிறேன். அப்பா காலத்தில் 'ஆஸ்திரேலிகம்' என்றார்கள், இப்போது 'கைலோனிஸ்' என்கிறார்கள். சரக்கை மாற்றிவிட்டார்களா? (விவசாயி, மோகனூர்)

ப: சரக்கு அதேதான், லேபிள்தான் மாறியது. நம் வயலில் பிறந்து வளர்ந்த குளவிக்குப் பல வருடம் தவறான பெயரில் ரேஷன் கார்டு. பெங்களூரில் இருந்த சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா என்ற இரண்டு பேர் தோண்டித் துருவியதில்தான் குட்டு வெளிப்பட்டது.

கே: அதுவரை கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லையா? (கல்லூரி மாணவர், சிதம்பரம்)

ப: பார்த்தார்கள், தம்பி. நிறத்தைப் பார்த்தார்கள். குளிரில் வளர்ந்தால் கறுக்கிறது, சூட்டில் வளர்ந்தால் வெளுக்கிறது. பருமனைப் பார்த்தார்கள். அது எந்த முட்டைக்குள் சாப்பிட்டு வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. டிரைக்கோகிராமா செம்ப்ளிடிஸ் இன்னும் மோசம். அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகு உண்டு. சயாலிஸ் என்ற நீர்க்கரைப் பூச்சியின் முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகே கிடையாது, மீசையும் காலும்கூட வேறு. 1937இல் ஜார்ஜ் சால்ட் எழுதிவைத்த சங்கதி. கூடப் பிறந்தவனையே வேற்றினம் என்று சத்தியம் செய்வீர்.

கே: பிறகு எதைப் பார்த்துப் பிரித்தார்கள்? (அதே மாணவர்)

ப: ஆணின் பிறப்புறுப்பை. சிரிக்காதீர், 1971இல் நாகர்கட்டியும் நாகராஜாவும் நிலைநாட்டியது இதுதான். குளவியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் சதை கரைந்து கண்ணாடிபோல் ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கனடா பால்சத்தில் பதித்து நுண்ணோக்கியில் வைத்தால், உறுப்பின் முதுகுப்புறத் தகடு தெரியும். அதன் பக்கங்கள் விரிந்திருக்கிறதா, நுனி எதுவரை நீள்கிறது என்று பார்த்துத் தீர்ப்பு. வெயிலுக்கும் தீனிக்கும் அசராத ஆவணம் அது ஒன்றுதான்.

கே: பிடித்ததெல்லாம் பெண்ணாகவே இருந்தால்? (வாசகி, தென்காசி)

ப: பிடித்தீரே பாயிண்டை! சில டிரைக்கோகிராமா வம்சங்களில் ஆணே பிறப்பதில்லை. உள்ளே குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் திருவிளையாடல். தேனில் ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுத்தால் பிள்ளைகளில் ஆண் தலைகாட்டும் என்று 1990இல் ரிச்சர்ட் ஸ்டவுட்ஹாமர் குழு காட்டியது. மாப்பிள்ளை வேண்டுமா, டாக்டர் சீட்டு வேண்டும்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? டி.என்.ஏ. பார்த்தால் முடிந்தது! (மென்பொருள் பொறியாளர், சென்னை)

ப: ஐடிஎஸ்-2 என்ற மரபணுத் துண்டு பெண்ணையும் காட்டிக்கொடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். பதமாகச் செய்தால் ஓடு உடையாமலே டி.என்.ஏ.வை உருவி, அதே ஓட்டை நுண்ணோக்கிக்கும் அனுப்பலாம். ஆனால் அமெரிக்காவில் மினூட்டம், பிளாட்னெரி என்று இரண்டு உண்டு. ஒன்று கிழக்கத்தி, மற்றது மேற்கத்தி. பின்னதற்குப் பெயர் வைத்ததும் நம் நாகர்கட்டிதான், 1975இல். ஓட்டைப் பார்த்தால் ஒரே அச்சு. ஐடிஎஸ்-2வும் கையை விரித்துவிட்டது. கடைசியில் ஒரு நொதிதான் காட்டிக்கொடுத்தது.

கே: இரண்டும் அவ்வளவு ஒன்றாக இருந்தால் கலந்து விடுவதில் என்ன நஷ்டம்? (அதே பொறியாளர், விடவில்லை)

ப: கல்யாணம் செய்துவைத்துப் பாரும். இந்தக் குளவிகளில் கருவுற்ற முட்டை மகள், கருவுறாதது மகன். இனம் மாறிய ஜோடிக்கு மகள் தங்குவதில்லை, வரிசையாக மகன்தான். மகன் பிறந்தால் மிட்டாய் கொடுக்கும் ஊரில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது: அந்துப்பூச்சியின் முட்டையை ஒழிப்பது மகள் மட்டும்தான். தவறான இனத்தை வயலில் விட்டால், உள்ளூர்க் குளவியின் வம்சத்துக்கும் நீரே வேட்டு வைக்கிறீர்.

கே: இனமும் ஒன்று, பெயரும் ஒன்று என்றால் நிம்மதிதானே? (ஆசிரியை, தர்மபுரி)

ப: கென்யாவில் கேளுங்கள், டீச்சர். கோட்டீசியா செசாமியே என்ற ஒட்டுண்ணிக் குளவி அங்கே மலைப்பக்கத்துக் கிட்டாலேயிலும் உண்டு, கடலோர மொம்பாசாவிலும் உண்டு. புசியோலா என்ற தண்டுத் துளைப்பான் புழுவுக்குள் கிட்டாலேக் குளவியின் முட்டை பொரிக்கும். மொம்பாசாக் குளவியின் முட்டையைப் புழுவின் ரத்த அணுக்கள் சூழ்ந்து கெட்டியாக மூடிச் சாகடிக்கும். குளவி முட்டையோடு சேர்த்து ஊசிபோடும் வைரஸில் ஒரு மரபணு வேறு, அவ்வளவுதான். பெயரைப் பார்த்து வேலை கொடுத்தால் இப்படித்தான்.

கே: மொத்தம் எத்தனை இனம்தான் இருக்கிறது? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: யார் எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தது. கோஸ்டா ரிகாக் காட்டில் டேனியல் ஜான்சென் கூட்டம் சேர்த்த குளவிகளைக் கண்ணால் பிரித்தால் 171 இனம். 2008இல் டி.என்.ஏ.வையும், எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் 313. பிறகு 2021இல் வேறொரு கட்டுரை, பெரும்பாலும் மரபணு வரிசையும் ஒரு படமும் போதும் என்று 403 புதிய இனங்களை ஒரே மூச்சில் இறக்கியது. வகைப்பாட்டியலாளர்களுக்குள் மூண்ட சண்டைக்கு முன்னால் குளவிகள் பரம சாது. அங்க அடையாளம் எழுதாமல் பெயர் வைப்பது, என்னைக் கேட்டால், போட்டோ ஒட்டாத பாஸ்போர்ட்.

கே: என் மேலதிகாரியின் பெயரை ஒரு குளவிக்கு வைக்க ஆசை. நடக்குமா? (அரசு ஊழியர், விழுப்புரம்)

ப: தாராளமாக. 2014இல் கோஸ்டா ரிகாவின் 186 புதிய அபான்டெலஸ் இனங்களில் பலவற்றுக்கு அந்தக் காட்டில் வேலை பார்ப்பவர்களின் பெயர்தான். ஒரு நிபந்தனை: வகை மாதிரியை ஊசியில் குத்தி, சீட்டு எழுதி, அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும். குளவியைச் சொன்னேன்.