வலக்கால் கியர், இடக்கால் பிரேக்

எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்டதால் 1955-இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி புல்லட். அது பிறந்த இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை மூடி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. செய்தி இன்னும் ஏற்காட்டுக்கு எட்டவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழைய புல்லட்டுகள் இருமிக்கொண்டே ஏறுகின்றன.

சேலத்தில் ஒழுங்காக ஓடும் கார்புரேட்டர், 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்ததும் பெட்ரோலை அதிகம் குடித்துக் கரும்புகை விடும். பிளக்கைத் துடை, பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா பார். ஸ்டார்ட் செய்வது தனிப் பூஜை: அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கு, விட்டுவிட்டு உதை. முறை தப்பினால் அது உதைக்கும். ஓசி கேட்கும் மச்சான்களை வண்டியே பார்த்துக்கொள்ளும்: கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.

வீட்டிலேயே கழற்றி மாட்டினால் செலவு மிச்சம் என்பார்கள். உண்மைதான், கூடவே இரண்டு நட்டும் ஒரு வாஷரும் மிச்சமாகும்.

வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பானர் செட்டோடு சேலம் பஸ் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.