90 வெள்ளிச் சூறாவளி

1860-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் காற்று ஊதும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்குப் பயன்படட்டும் என்ற நல்லெண்ணம்தான். அதே வம்சத்துச் சாமானை ஒருநாள் மலேசியாவில் கிள்ளான் பையன்கள் கரோலாவுக்குள் மாட்டி பத்து தீகா பக்கம் பறக்கவிடுவார்கள் என்று அந்தப் புண்ணியவான்களிடம் யாரும் சொல்லவில்லை.

1921-இல் மெர்சிடிஸ் இந்த ஊதியை, அதாவது சூப்பர்சார்ஜரை, காரில் பூட்டி, பெர்லின் கண்காட்சியில் 'கொம்ப்ரெசர்' என்று காட்டியது. ஜெர்மன்காரன் விவரமானவன். பெடலை அடிவரை மிதித்தால்தான் அது ஊளையிடும்; மற்ற நேரமெல்லாம் தூங்கும். அறுபத்தைந்து வருஷம் கழித்து, 1986-இல், டொயோட்டா தன் 1587 சிசி எஞ்சினுக்கு ஊதி வைத்து 4ஏ-ஜிஸெட்இ என்று பெயரிட்டபோதும் இதே தந்திரம்தான்: புல்லியில் ஒரு மின்காந்த கிளட்ச். மெதுவாகப் போனால் ஊதியைக் கழற்றிவிடும். ஆக, சூப்பர்சார்ஜரில் எண்ணெய் மிச்சம் பிடிக்கிற பாகம் எதுவென்றால், சூப்பர்சார்ஜரை நிறுத்தி வைக்கிற பாகம்.

அந்த எஞ்சின் இங்கே வந்தது ஹாஃப் கட்டாக. ஜப்பானில் முழுசாக ஓடிய கார், கிள்ளான், காப்பார் கடைகளுக்கு மூக்கும் முன்சக்கரமும் மட்டுமாக வந்து இறங்கும். பின்பாதி என்ன ஆனது என்று யாரும் விசாரித்ததில்லை. எஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மூலகாரணம் வேகம் என்று பையன்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம் சாலை வரி சிசி பார்த்துப் போடுவது. 1401 முதல் 1600 வரை வெறும் 90 வெள்ளி. மூக்கில் சூறாவளி ஊதினாலும் 1587 என்றால் 1587தான். வசதியான வீட்டுக்காரர்கள் வாங்கிய சி180 கொம்ப்ரெசருக்கும் அதே கணக்கு: 1796 சிசி, வரி 278 வெள்ளி 40 காசு. ஊதியே இல்லாத மூன்று லிட்டர் காருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். வரியில் மிச்சம் பிடித்ததை பெட்ரோலில் கொட்டினார்கள். ஊதியைச் சுற்றுவதே எஞ்சின்தான், அதற்கு அது கூலி கேட்கும். அழுத்தி ஊதும்போது எஞ்சின் உள்ளே தட்டாமலிருக்க எண்ணெயையும் கூடுதலாகப் பாய்ச்சியாக வேண்டும்.

எண்ணெய் குடிக்கும் பழி மட்டும் ஸ்பார்க் பிளக்கின் தலையில் விழுந்தது.

பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி பிடிக்கும். 850-ஐத் தாண்டினால் பொறி வருமுன்னே தானே தீ வைத்துவிடும். ஊதி வைத்த எஞ்சினில் சூடு அதிகம், அதனால் ஒரு படி 'குளிர்ந்த' பிளக் போடுவார்கள். அழுத்தம் ஏறிய காற்றைத் தாண்டப் பொறி திணறும் என்பதால் இடைவெளியையும் குறைப்பார்கள். இதுவரை நியாயம். ஆனால் என்ஜிகே, டென்சோ பெட்டியில் எண் ஏறினால் குளிர்ச்சி. போஷ், சாம்பியன் பெட்டியில் எண் ஏறினால் சூடு! இப்படி எதிரும் புதிருமாக எண் போட்டவர்களை எந்த அரசாங்கமும் பிடித்து உள்ளே வைக்கவில்லை.

"அண்ணே, ஏழு போட்டுட்டேன், இன்னும் எண்ணெய் குடிக்குதே. எட்டு போடலாமா?"

"தம்பி, நீ தினம் ஓட்டுறது பெடரல் ஹைவே ஜேம்ல. அங்க எட்டு சூடேறவே ஏறாது. ஆறே போதும்லா."

பட்டறைப் போமன் சொன்னது சரி. நெரிசலில் நகரும் காரில் குளிர்ந்த பிளக் கரி பூசிக்கொண்டு தடுமாறும், எரியாத எண்ணெய் புகைபோக்கி வழியே போய்விடும். நல்ல பிளக் புதிதாக எதையும் மிச்சம் பிடித்துத் தருவதில்லை. கெட்ட பிளக் இருப்பதையும் தின்னும். ஆனால் வலது காலைத் தூக்கு என்று சொல்கிற போமனுக்கு வாடிக்கையாளர் தங்கமாட்டார், அதனால் அவரும் இரிடியம் பிளக்கை எடுத்து நீட்டுவார்.

பிறகு 2008 ஜூன் 5. நள்ளிரவில் பெட்ரோல் 1.92-இலிருந்து 2.70 வெள்ளியானது. முதல்நாள் மாலையே நிலையங்களில் வரிசை. 78 காசை வெல்ல, வரிசையில் நின்று எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் எரித்தார்கள் நம் மக்கள். அரசாங்கம் மனமிரங்கி, 2000 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு வருடம் 625 வெள்ளி கழிவு அறிவித்தது. அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

அங்கேயும் சிசிதான் கணக்கு. பழைய புரோட்டான் சாகாக்காரரும் கொம்ப்ரெசர் துரையும் ஒரே கவுண்டரில், ஒரே தொகைக்கு நின்றார்கள். சாகாக்காரர் அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துப் போனார். துரை போமனிடம் போய் நான்கு இரிடியம் பிளக் மாட்டிக்கொண்டார், இரண்டு படி குளிர்ந்தது.