ஏலம் போகும் மகாராணி

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பக்கம் காஸ்ட்ரோவில் என்று ஒரு சின்ன ஊர். தாமரை மொட்டுக்கும் முட்செடிக்கும் பிறந்தது மாதிரி இருக்கும் ஆர்ட்டிசோக் என்ற காய்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. 1940-களின் கடைசியில் ஊர்க்காரர்கள் ஓர் இளம்பெண்ணை அழைத்து வந்து, 'ஆர்ட்டிசோக் ராணி' என்று பட்டம் கட்டி, படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மர்லின் மன்றோ. அப்போது அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. காய்க்கும் இவருக்கும் என்னய்யா உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது, வேறென்ன வேண்டும்? மிச்சிகன் மாநிலத்தில் செர்ரிப் பழத்துக்கும் இன்றுவரை ஆண்டுக்கு ஒரு ராணி உண்டு.

நமக்கு அப்படி ஒரு ராணி இல்லையே என்று ஏங்க வேண்டாம். கேரளத்தின் இடுக்கி எல்லை மலையில், வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை என்று நிழல் விழுந்த காடுகளுக்குள் ஒரு ராணி எப்போதோ முடிசூட்டிக்கொண்டாள். மிளகு ராஜா, ஏலக்காய் ராணி. அழகிப் போட்டியும் குறைவில்லாமல் நடக்கிறது. பறித்த காயை 'ஸ்டோர்' என்கிற சூட்டுக் கூடத்தில் உலர்த்தி, உருட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கி, சல்லடையில் கொட்டுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கிறவள் அழகி. மேனி பச்சையாக இருக்க வேண்டும். கொஞ்சம் வெளுத்தாலும் மார்க் குறையும். நடுவர்கள் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் மின் ஏலம் அது. தமிழுக்குத்தான் என்ன குறும்பு பாருங்கள்! செடிக்கும் ஏலம் என்று பேர், அதைக் கூவி விற்பதற்கும் ஏலம் என்று பேர்.

2019 ஆகஸ்டில் இந்த ராணி கிலோ 7,000 ரூபாய்க்குப் போனாள். அதற்குமுன் அப்படி ஒரு விலையை யாரும் கண்டதில்லை.

இத்தனை இருந்தும், உணவுத் திருவிழா நடத்துகிறவர்களுக்கு மேடையில் நிறுத்த ரத்தமும் சதையுமாக ஒரு பெண் வேண்டும். நடத்தட்டும். பலாப்பழத்தையே 2018-ல் மாநிலப் பழமாக அறிவித்துச் சந்தோஷப்பட்ட கேரளம் அது. ஏலத்துக்கு ஒரு ராணி, தலையில் கிரீடம், ரிசார்ட்காரர் கையால் பொன்னாடை. நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம்: போட்டியாளர்களைக் கொச்சியில் தேட வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம், போடியில் தேடுங்கள். தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூரில் தேடுங்கள். விடிவதற்கு முன்னால் போய்விடுங்கள். பிறகு போனால் வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

முதல் சுற்று, மலைத் தோட்டத்து வேலைக்குப் போகும் ஜீப்பில். எட்டோ ஒன்பதோ பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினைந்து, பதினெட்டு பேர். தூக்குவாளி ஒருத்தியின் மடியில், அவள் இன்னொருத்தியின் மடியில். போடிமெட்டு வளைவுகளில் டிரைவர் ஒடிக்கும் ஒடிப்பில் யார் முகத்தில் சிரிப்பு மாறாமல் இருக்கிறதோ அவருக்கு 'புன்னகை அழகி' பட்டம் தரலாம். ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் 'அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றியதே காரணம்' என்று வரும். அப்படி ஏற்றாமல் அனுப்ப பஸ் விட்டார்களா என்று வராது. கொஞ்ச நாளைக்கு சோதனைச்சாவடியில் தலைகளை எண்ணி அபராதம் போடுவார்கள். அந்த அபராதமும் சுற்றிச் சுற்றி அதே தலைகளின் ஜீப் வாடகையில்தான் வந்து உட்காரும்.

அடுத்தது நடைச் சுற்று. ஏலத்தோட்டத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது என்பது நடுவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. செடி ஆள் உயரத்துக்கும் மேலே வளரும், ஆனால் காய் உச்சியில் இல்லை. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும். குந்தி உட்கார்ந்தோ குனிந்தோதான் எடுக்க வேண்டும். சரத்தில் பத்துக் காய் இருந்தால் மூன்றுதான் முற்றியிருக்கும். அந்த மூன்றை மட்டும், பக்கத்துப் பிஞ்சும் பூவும் உதிராமல், விரல் நுனியால் ஒடித்து எடுக்க வேண்டும். பிஞ்சு வந்தால் கங்காணி வாய் சும்மா இருக்காது. மழை அடிக்கும்போது தலையில் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் சாக்கு, கெண்டைக்காலில் அட்டை. அட்டையைப் பிய்க்க ஒரு கை போனால் காய் குறையும் என்று ரத்தம் குடிக்கட்டும் என விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு முறை எடுத்து முடித்தால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். சாயந்தரம் விரல் நுனி கறுத்து, நகக்கண் வெடித்திருக்கும். கையை முகர்ந்தால் மட்டும் மகாராணி வாசம். கிரீடம் எதற்கு, அந்தக் கையைப் படம் எடுத்து பேனரில் போடுங்கள் என்றால் போட மாட்டார்கள். பேனருக்கென்று தனியாக மாடல் வருவார், புதுக் கூடையோடு.

கேள்வி-பதில் சுற்றில் "உங்கள் அழகின் ரகசியம் என்ன?" என்று கேட்பது வழக்கம். ஏலராணியின் அழகு ரகசியம் பூச்சிமருந்து. இலைப்பேனும் தண்டுதுளைப்பானும் வராமலிருக்கத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து என்று பரிசோதனை அறிக்கை வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையையே நிறுத்தியது. ஆறரை லட்சம் டின்களுக்கு மேல் முடங்கின. உச்ச நீதிமன்றம் பின்னால் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசத்தின் காலம் கடந்துவிட்டது. ஐயப்பன் பாயசத்துக்கு ஆய்வுக்கூடம், அறிக்கை, வக்கீல், இரண்டு நீதிமன்றம். நல்லது, பக்தர்கள் வயிறு முக்கியம். அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவரின் நுரையீரலை, மருந்து காய்வதற்குள் அதே தூரில் குனிந்து காய் எடுத்தவளின் ரத்தத்தை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்? டின்னுக்கு இருக்கிற காலாவதித் தேதிகூட அவளுக்குக் கிடையாது.

பரிசுத்தொகைக்கு வருவோம். 2015 அக்டோபரில் கேரளத் தோட்டத் தொழிலாளர் கூலி பேசி முடித்தபோது ஏலத்தோட்டத்துக்கு நாள் கூலி 330 ரூபாய் என்று ஆனது. அந்தக் கணக்கில் 7,000 ரூபாய் என்பது இருபத்தொரு நாள் கூலி. பிற்பாடு கூலி சில்லறையாக ஏறியது உண்மை, 7,000 எல்லா நாளும் நிற்கவில்லை என்பதும் உண்மை, முதலாளிமார் சார்பில் அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைக்காய் ஐந்து கிலோவை உலர்த்தினால் சுமார் ஒரு கிலோ கிடைக்கும். காய் நன்றாகப் பிடித்த நாளில் ஐந்து கிலோவை ஒரு பெண் மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவாள். எடுத்த காய் ஏலத்துக்குப் போகும். எடுத்தவள் கூலியை உயர்த்திக் கூவ அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் இல்லை.

பாலக்காட்டுக்கும் ஒரு பட்டம் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள். முதலமடை மாம்பழம் நாட்டிலேயே முந்திப் பழுத்து, ஜனவரி, பிப்ரவரியிலேயே வடநாட்டுச் சந்தைக்குப் போய்விடும். 'மாம்பழ நகரம்' என்று பெயரே உண்டு. மாம்பழ இளவரசிக்கு எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. அதே பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்களுக்கு டீக்கடையில் தனி டம்ளர் என்று 2017-ல் புகார் எழுந்து ஊர் சிரித்தது. இளவரசி அந்தக் காலனியிலிருந்து வந்தால் வெற்றிக்கோப்பையையும் தனியாக வைப்பீர்களோ?

இருப்பிடச் சான்றிதழ் விஷயத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுவது நல்லது. காய் எடுக்கும்வரை இவர்கள் 'நம்முடெ தொழிலாளிகள்'. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சண்டை முற்றியபோது ஒரே வாரத்தில், தமிழரைத் திட்டும் வசையில் வரும் 'பாண்டி' ஆகிப்போனார்கள். ரோட்டில் இறங்கப் பயந்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டு வழியாகத் தேனிக்கு இறங்கியவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பக்கம் நம் தலைவர்கள் கொஞ்ச நாள் முழங்கினார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பெண்கள் மறுபடி ஜீப் ஏறினார்கள். இங்கே வேலை இருந்திருந்தால் எவள் ஏறியிருப்பாள்?

மலையில் பெண்கள் யாரும் அழைக்காமலே ஒரு முறை மேடை ஏறியிருக்கிறார்கள். 2015 செப்டம்பரில், மூணாறு ரோட்டில். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸ் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தேயிலைக் கூலி 301 ஆனது. ஏலத்தோட்டத்தின் 330-ம் அந்த அலையில் வந்ததுதான். அவர்களுக்கு யாரும் கிரீடம் வைக்கவில்லை. 2017-ல் ஓர் அமைச்சரின் மேடைப்பேச்சு தங்களை இழிவுபடுத்துகிறது என்று அவர்கள் அதே மூணாறில் திரும்ப உட்கார வேண்டியிருந்தது. ராணி வாய் திறக்காதவரைதான் ராணி.

திருவிழாக் குழுவினரே, நடுவர்களே, பாயசத்தில் நாலு ஏலக்காய் தட்டிப் போட்டு "ஆஹா" என்கிற மகாஜனங்களே! நாளைக் காலை நாலரை மணிக்குப் போடியிலிருந்து ஜீப் கிளம்புகிறது. உள்ளே இடமில்லை. பின்னால் தொற்றிக்கொள்ளலாம்.